கதம்பத்துக்குப் பெண் கேட்டு

சித்ராதேவிக்கு இது கடைசி வருஷம். பரீட்சையை எழுதினோமா, பட்டத்தை வாங்கினோமா, வீட்டுக்குப் போனோமா என்று இருந்துவிடலாம். யாரும் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை. ஆனாலும் அவளால் நிம்மதியாகக் கிளம்ப முடியவில்லை. காரணம் கதம்பம்.

கதம்பம் என்றால் தலையில் வைத்துக்கொள்கிற பூ இல்லை. பர்மாவில், யாங்கோனில் அவள் படிக்கிற கல்லூரியில் தமிழ்ப் பிள்ளைகள் சேர்ந்து நடத்துகிற கூட்டத்துக்கு அந்தப் பெயர். சங்கம் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. கல்லூரி, சங்கம் என்கிற இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலே, ராணுவம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பெற்றவர்கள் பயப்படுகிற காலம் இது. அதனால் கதம்பத்துக்குப் பலகை கிடையாது, கொடி கிடையாது, தலைவர் செயலாளர் என்கிற ஜம்பமும் கிடையாது. பொங்கலுக்கு ஒன்றாகக் கூடுவார்கள். பாடத்தில் தடுமாறுகிறவனுக்கு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள். திஞ்ஞான் தண்ணீர்த் திருவிழாவில் க்யிம்யிண்டைங் கோயில் வாசலில் ஓர் அண்டா நிறையச் சாம்பார் சாதம் கிளறி, தெருவோடு நனைந்துகொண்டு போகிறவர்களுக்கெல்லாம் வயிறாரக் கொடுப்பார்கள். கதம்பத்துக்கு இருக்கிற ஒரே சொத்து அந்த அண்டாதான்.

ஒரு காலத்தில் அண்டாவைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. கொரோனா வந்தது, கல்லூரியை மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். பாதிப் பேர் மலேசியா, சிங்கப்பூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். இப்போது மிச்சம் மூன்று பேர். சித்ரா, இரண்டாம் வருஷம் படிக்கிற சசிகுமார், அவன் வகுப்பிலேயே இருக்கிற ஜஸீலா. போன திஞ்ஞானில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தார்கள், அண்டா அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் தெருவில் போன ஒரு சைக்கா என்கிற மூன்று சக்கர மிதிவண்டிக்காரர் வண்டியை ஓரமாகப் போட்டுவிட்டு வந்து கை கொடுத்தார். கொடுத்தவர் சும்மா போகவில்லை. "இவ்வளவு பெரிய பாத்திரம், இத்தனூண்டு கூட்டமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

அந்தக் கேள்வி சித்ராவுக்குச் சுருக்கென்று தைத்தது. முதல் வருஷத்தில் அவள் மாடிப்படிக்குக் கீழே தனியாக உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தவள். இந்தியாக்காரப் பிள்ளைகளுக்கு வகுப்பில் என்ன பட்டப்பெயர் விழும் என்று அவளுக்குத் தெரியும். யார் கண்ணிலும் படாமல் சாப்பிட்டு, யார் காதிலும் விழாமல் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்தக் கல்லூரிக்குள் அவள் முதல் முதலாக வாய்விட்டுச் சிரித்தது கதம்பத்துப் பிள்ளைகளோடுதான். அது தன் கையில் வந்து உயிரை விட்டது என்கிற பேரோடு வெளியே போக அவள் தயாராக இல்லை. இந்த வருஷம் ஒரே ஓர் ஆளாவது சேர்ந்தாக வேண்டும். அந்த ஆளைச் சேர்க்காமல் நகர்வதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

முடிவு கட்டுவது சுலபம், ஆள் பிடிப்பதுதான் பெரும்பாடு. முதல் வருஷப் பிள்ளைகளை வரவேற்கிற விழாவில் ஒரு மேசை போட்டு, தட்டு நிறையச் சமூசா அடுக்கி, மூன்று பேரும் சிரித்த முகமாக நின்றார்கள். சமூசா தீர்ந்தது, ஆள் சேரவில்லை. தமிழ்ப் பிள்ளைகளைக் கண்டுபிடிப்பதே பெரிய சங்கடம். வருகைப் பட்டியலில் எல்லோருக்கும் பர்மியப் பெயர்தான். சசிகுமாரே அதில் ஸோ ம்யோ. "நீங்க விடுங்கக்கா, மூஞ்சியப் பாத்தே சொல்லிருவேன்" என்று அவன் மார்தட்டிக்கொண்டு கிளம்பி, மாநிறமாக இருந்த ஒரு பையனைப் பிடித்து வைத்துக்கொண்டு கதம்பத்தின் அருமை பெருமைகளையெல்லாம் தமிழில் பொழிந்து தள்ளினான். அந்தப் பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டே மூன்று சமூசா சாப்பிட்டான். பிறகு தான் ரக்கைன் மாநிலத்திலிருந்து வந்திருப்பதாகவும், சமூசா நன்றாக இருப்பதாகவும் பர்மியில் சொன்னான்.

தின்ஸா கிடைத்தது தற்செயலாகத்தான். ஒருநாள் மத்தியானம் கேண்டீனில் சித்ராவுக்குப் பின்னால் ஒரு பெண் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, போனை வாயோடு ஒட்டி வைத்து, "சாப்ட்டேன்ப்பா, வச்சிடு" என்றாள். சித்ராவுக்குக் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தால் கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிய, பார்வைக்கு அசல் பர்மியப் பெண். முதல் வருஷம், வேதியியல். பேச்சுக் கொடுத்ததில் மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அப்பா தமிழர், அம்மா பர்மியர், வீடு தாகேதாவில். தமிழ் சொன்னால் எல்லாம் புரியும், அப்பாவிடம் சொல்கிற ரெண்டொரு வார்த்தை தவிரப் பேச வராது. வகுப்பில் யாருக்கும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

சித்ரா அவசரப்படவில்லை. ஒரு வாரம் கூடவே உட்கார்ந்து சாப்பிட்டாள். ஜஸீலா தன் வீட்டு இடியாப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்தாள். சசி வழக்கம்போல அதில் பாதியைத் தின்றான். அவர்கள் மூவரும் ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, தின்ஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். வெள்ளிக்கிழமை அவளே பர்மியில் பேச்சை எடுத்தாள்.

"எனக்கு வர ஆசைதான். ஆனா அப்பா விட மாட்டார். காலேஜ்ல எதுலயும் சேரக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கார்."

"அப்பாகிட்ட நாங்க வந்து கேக்கட்டுமா?"

தின்ஸா கரண்டியைக் கீழே வைத்தாள். "வாங்க. ஆனா என்னை முன்னாடியே சொல்லச் சொல்லாதீங்க, எனக்குப் பயமா இருக்கு. தமிழ்க்காரங்க உங்ககிட்ட பேச வராங்கன்னு மட்டும் சொல்லி வைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை என்று பேசி முடித்தார்கள். பிள்ளைகள் மட்டும் போனால் எடுபடாது, பெரியவர் ஒருவர் கூட இருந்தால் நம்பிக்கை வரும் என்பது சித்ராவின் யோசனை. சசியின் அம்மா ராணி வரச் சம்மதித்தாள். க்யிம்யிண்டைங் மார்க்கெட்டில் பலகாரக் கடை போட்டிருக்கிற ராணிக்கு, யார் வீட்டுக்குப் போவதென்றாலும் உற்சாகம்தான். "ஒரு வீட்டுக்குக் கேட்டுப் போறதுன்னா வெறுங்கையோடயா போறது? அதையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றாள். சித்ராவும் சரி என்று விட்டுவிட்டாள். நல்ல வீட்டுக்கு நாலு பேர் மதிக்கிற மாதிரி போக வேண்டும் என்று அம்மாவின் பட்டுப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

ராணியோ எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. பித்தளைத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்து, வெற்றிலை பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மஞ்சள், குங்குமம், மல்லிகைச் சரம் என்று ஒன்று விடாமல் அடுக்கியிருந்தாள். பெண்ணின் அம்மா பர்மியர் என்று கேள்விப்பட்டதும், அவர்கள் முறைக்கும் ஒன்று இருக்கட்டும் என்று லபெத் பொட்டலம் ஒன்றை அழகாகக் கட்டி நடுவில் வைத்தாள். தேயிலை ஊறலான லபெத்தைக் கொடுத்துத்தான் பர்மியர்கள் கல்யாணத்துக்கு அழைப்பார்கள் என்பது அந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புப் பட்டுத் துணி. போதாததற்கு, எமகண்டம் வருவதற்குள் போய்விட வேண்டும் என்று எல்லோரையும் விரட்டிக் கிளப்பினாள். சசி வெள்ளைச் சட்டையும் இடுப்பில் புது லோஞ்சியுமாக, நெற்றியில் திருநீறு துலங்க நின்றான். அன்றைக்குப் பார்த்து ஜஸீலாவுக்கு மாமா வீட்டில் விசேஷம். முக்காடு போட்ட ஜஸீலா ஒருத்தி கூட வந்திருந்தால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்திருக்காது.

பஸ்ஸில் தாகேதா பாலத்தைத் தாண்டும்போது, எதிர் சீட்டு அம்மாள் ஒருத்தி தட்டையும் சசியையும் மாறி மாறிப் பார்த்துப் புன்னகை செய்தாள். சித்ராவும் பதிலுக்குப் புன்னகை செய்தாள். எவ்வளவு நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டாள். படித்த பெண்தான், என்ன செய்வது, மனசெல்லாம் தின்ஸாவின் அப்பாவிடம் என்ன பேசுவது என்பதிலேயே இருந்தது.

தின்ஸாவின் அப்பா தனசேகரனின் வீடு மரவீடு. கீழே பேட்டரியும் இன்வெர்ட்டரும் பழுது பார்க்கிற கடை, மேலே குடித்தனம். கடையிலிருந்த பேட்டரிகளையெல்லாம் சுவரோரமாக ஒதுக்கி, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். தட்டை ஏந்திக்கொண்டு ராணி முன்னால் வர, பின்னால் சசியும் சித்ராவும் வர, அதைப் பார்த்ததும் தனசேகரனுக்கு முகம் மாறிப்போனது. "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினார். அவர் மனைவி நீலா அம்மாள், பர்மிய மரியாதையில் டோ நீலா, ராணி துணியை விலக்கியதும் லபெத் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கல்யாணம்?" என்று பர்மியில் மகிழ்ச்சியோடு கேட்டாள். பதில் சொல்வதற்குள் மாடியிலிருந்து கணவர் கூப்பிட்டார், அவளும் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் மேலே நடமாட்டச் சத்தம் கேட்டது. தனசேகரன் இறங்கி வந்தபோது வேட்டி கட்டியிருந்தார். பெட்டியில் வருஷக்கணக்காகக் கிடந்த மடிப்பு அதில் அப்படியே தெரிந்தது. முன்வீட்டு டோ ஹ்லா வந்து உட்கார்ந்தாள். அவள் பின்னால் அவள் தங்கை. அதற்கும் பின்னால் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர். கரண்ட் இல்லாததால் பேட்டரியில் ஓடிய மின்விசிறியைத் தனசேகரன் தன் கையாலேயே விருந்தாளிகள் பக்கம் திருப்பி வைத்தார்.

"காத்து வருதா? தம்பிக்கு வருதா?" என்று சசியைப் பார்த்து விசேஷமாகக் கேட்டார்.

"வருதுங்க மாமா" என்றான் சசி, அந்த உபசாரத்தில் உச்சி குளிர்ந்து.

"தம்பி என்ன பண்றாரு?"

"படிக்கிறான், ரெண்டாம் வருஷம்" என்றாள் ராணி. "படிக்கிற நேரம் போக மிச்ச நேரம் சாப்பிடுவான். வேற கெட்ட பழக்கம் கிடையாது."

"ஆம்பிளப் பையன், சாப்பிடட்டும்" என்றார் தனசேகரன் வாஞ்சையாக.

அப்போதுதான் தின்ஸா காப்பித் தட்டோடு வந்தாள். கன்னத்தில் தனகா இல்லை. தலை நிறைய மல்லிகை, நெற்றியில் பொட்டு, காதில் அம்மாவின் தோடு. பிடித்து உட்கார வைத்து அலங்காரம் பண்ணினது முகத்திலேயே தெரிந்தது. காப்பியை நீட்டும்போது சித்ராவைப் பார்த்த பார்வையில், இங்கே என்னதான் நடக்கிறது என்கிற கேள்வி இருந்தது. சித்ராவுக்கு அந்தக் கணம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கியது. தட்டு, பட்டுத்துணி, வெள்ளைச் சட்டை மாப்பிள்ளை, பக்கத்தில் தாயார், பட்டுப் புடவையில் நாத்தனார் மாதிரி தான். பஸ்ஸில் அந்த அம்மாள் சிரித்ததுகூட விளங்கிவிட்டது. அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

சட்டென்று வாயைத் திறந்து சொல்லியிருப்பாள். அதற்குள் தனசேகரன் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார்.

"நம்ம பெரியவங்களோட உக்காந்து பேசி ரொம்ப வருஷமாச்சு. தப்பா ஏதும் வந்துட்டா மன்னிச்சுக்கணும்" என்றார். "எங்க கல்யாணம் எப்படி நடந்ததுன்னு விசாரிச்சிருப்பீங்க. விசாரிக்காம யாரும் தட்டுத் தூக்கிட்டு வர மாட்டாங்க. நீலாவைக் கட்டிக்கிட்டேன்னு எங்க வீட்டுல என்னைத் தலை முழுகிட்டாங்க. அப்பா அம்மா காலமும் முடிஞ்சுபோச்சு. அக்கா ஒண்ணு இருக்கு, இதே ஊர்லதான். ரெண்டு பையன் அதுக்கு. முறைன்னு பாத்தா அதுதான் என் பொண்ண முதல்ல கேட்டு வரணும். கேக்க வேணாம், ஒரு தடவை வந்து பாத்துட்டாவது போயிருக்கலாம். வரலை."

டோ நீலா கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை. ஆனால் அக்கா என்ற சொல் வந்ததும் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நம்ம ஜனம் யாரும் இனிமே இந்த வாசப்படி ஏற மாட்டாங்கன்னு நானும் விட்டுட்டேன். இன்னைக்கு நீங்க வந்து உக்காந்திருக்கீங்க." அவர் மின்விசிறியை இன்னும் கொஞ்சம் ராணி பக்கம் திருப்பினார். "ஆனா ஒண்ணு சொல்லிடறேன். பொண்ணு படிக்கணும். படிப்பு முடியற வரைக்கும் யாருக்கும் கட்டிக் கொடுக்கறதா இல்லை. வந்தவங்களைத் திருப்பி அனுப்பறேன்னு நெனைக்காதீங்க. பொறுத்துக்குவீங்கன்னா சொல்லுங்க. தம்பியும் படிச்சு முடிக்கட்டும்."

தம்பி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்துவிட்டான். உள்ளே போன வாய்க் காப்பி தொண்டையிலேயே நின்றிருக்க வேண்டும். கண் இரண்டும் பிதுங்க அம்மாவைப் பார்த்தான், அப்புறம் சித்ராவைப் பார்த்தான், அப்புறம் வாசலைப் பார்த்தான்.

ராணிக்கும் இப்போதுதான் உறைத்தது. ஆனால் மார்க்கெட்டில் நாளெல்லாம் மனுஷர்களைச் சமாளிக்கிறவள். முகத்தில் ஒன்றும் காட்டாமல் சித்ராவின் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் முணுமுணுத்தாள். "ஜாதகம் பாத்துட்டுச் சொல்றோம்னு சொல்லிட்டு எந்திரிச்சிரலாம். பொருந்தலைன்னு அடுத்த வாரம் போன் போட்டுக்கலாம். யார் மனசும் நோகாது." ஒரு மூச்சு விட்டுவிட்டு, "பொண்ணு என்னமோ லட்சணமாத்தான் இருக்கு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

நல்ல யோசனைதான். யாரும் பிடிபடாமல் வெளியே போய்விடலாம். ஆனால் அடுத்த வாரம் போன் வந்ததும் இந்த மனுஷர் என்ன நினைப்பார் என்று சித்ரா யோசித்துப் பார்த்தாள். வந்த ஒரே தமிழ்க் குடும்பமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது என்று நினைப்பார். காரணம் ஜாதகம் இல்லை, நீலாதான் என்று நினைப்பார். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் அந்த வேட்டி பெட்டியை விட்டு வெளியே வராது. உண்மையைச் சொன்னாலோ, அக்கம்பக்கத்தார் முன்னால் அவருக்கு அவமானம். நிச்சயம் கோபப்படுவார். தின்ஸாவை இனிமேல் தன்னோடு பேசக்கூட விட மாட்டார். கதம்பத்துக்குக் கிடைத்த ஒரே ஆளும் போய்விடும்.

போனால் போகட்டும் என்று தோன்றியது சித்ராவுக்கு. எத்தனை ஆசைப்பட்டு வந்தாளோ அத்தனையும் அந்த நொடியில் சின்னதாகிவிட்டது. எழுந்து நின்றாள்.

"மாமா, தப்பு எங்க பேர்ல. நாங்க கல்யாணத்துக்குக் கேட்டு வரலை."

நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று மேலே சொன்னாள்.

"நானும் சசியும் தின்ஸா படிக்கிற காலேஜ்தான். அங்க தமிழ்ப் பிள்ளைங்க நாங்க ஒரு கூட்டமா இருக்கோம், கதம்பம்னு பேரு. தின்ஸாவ அதுல சேத்துக்க உங்ககிட்ட அனுமதி கேக்க வந்தோம். மரியாதையா வந்து கேக்கணும்னுதான் தட்டு எடுத்துட்டு வந்தோம். அது எப்படித் தெரியும்னு எனக்குப் புத்தி போகலை. உங்கள இப்படி நிக்க வச்சதுக்கு மன்னிச்சுக்கங்க."

"எனக்கே இப்பத்தான் மாமா தெரியும்" என்றான் சசி பரிதாபமாக.

தனசேகரன் வேட்டியின் மடிப்பைக் கையால் ஒரு தடவை நீவினார். முன்வீட்டு டோ ஹ்லாவுக்குப் பொறுக்கவில்லை, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று பர்மியில் கேட்டாள். எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டில், தன் வாயாலேயே அதை அவர் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சித்ராவுக்கு அந்த இடத்திலேயே கரைந்து போய்விடலாம் போல இருந்தது.

அவர் டோ ஹ்லாவுக்குப் பதில் சொல்லவில்லை. சித்ராவைத்தான் கேட்டார்.

"என் பொண்ணுக்குத் தமிழ் பேச வராதே."

"எனக்கும் மொதல்ல பேசக் கூச்சம்தான் மாமா. சசி இன்னும் பாதி பர்மியிலதான் பேசுறான். பரவால்ல."

"அவ அம்மா யாருன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"தெரிஞ்சுதான் வந்தோம். அவங்ககிட்டயும் கேக்கணுமில்ல, அதனாலதான் தட்டுல லபெத்து வச்சிருக்கோம்."

தனசேகரன் தட்டைப் பார்த்தார். தேங்காய்க்கும் வெற்றிலைக்கும் நடுவில் அந்தப் பொட்டலம் இருந்தது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டோ ஹ்லாவின் பக்கம் திரும்பி, நிதானமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பர்மியில் சொன்னார்.

"என் பொண்ணைக் கேட்டுத்தான் வந்திருக்காங்க. கல்யாணத்துக்கு இல்லை. காலேஜ்ல எங்க பிள்ளைங்க கூட்டம் ஒண்ணு இருக்காம், அதுல இவளும் வேணுமாம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் முறையா கேக்கணும்னு வீடு தேடி வந்திருக்காங்க."

"காலேஜ்ல சேர்த்துக்கறதுக்கே இவ்வளவா?" என்று டோ ஹ்லா அசந்துபோனாள். "எங்க பையனையெல்லாம் யாரும் இப்படி வந்து கேக்கலையே."

"உங்க பையனையும் அனுப்புங்க, அண்டா தூக்க ஆள் வேணும்" என்று சசி பர்மியில் சொல்லிவிட்டு, அம்மா முறைத்த முறைப்பில் அடங்கினான். ஆனால் டோ ஹ்லா சிரித்துவிட்டாள், அவள் தங்கையும் சிரித்தாள். தனசேகரனும் சிரித்தார். அவர் சிரித்த பிறகுதான் சித்ராவுக்கு மூச்சு வந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவர் மறுபடி தகப்பனாராகிவிட்டார். அரசியல் உண்டா, ஊர்வலம் கீர்வலம் உண்டா, போட்டோ எடுத்துப் பேஸ்புக்கில் போடுவீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றும் கிடையாது, சோறு ஆக்குவதும் பாடம் படிப்பதும்தான் என்று சித்ரா பொறுமையாகப் பதில் சொன்னாள். கதம்பத்தில் ஒரு முஸ்லிம் பெண்ணும் உண்டு என்று அவளாகவே சொன்னாள். "இருக்கட்டும், நல்லதுதான்" என்றார் அவர்.

"பொழுது சாயறதுக்குள்ள இவ பாலத்தைத் தாண்டி வீட்டுக்குள்ள இருக்கணும்."

"நானே கொண்டாந்து விடறேன் மாமா. நான் படிச்சு முடிச்சுப் போனா சசி விடுவான்."

"அவன் வேணாம்" என்றார் தனசேகரன் சட்டென்று. ராணியே சிரித்துவிட்டாள். "அந்த முஸ்லிம் பொண்ணு கொண்டாந்து விடட்டும்."

பிறகு அவர் மகளைப் பார்த்து, உனக்குப் போக விருப்பமா என்று பர்மியில் கேட்டார். தின்ஸா இவ்வளவு நேரமும் காப்பித் தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தாள். எத்தனையோ நாள் மறைத்து வைத்திருந்ததை இன்றைக்குத் தெருவே வந்து பார்த்துவிட்டது, இனி மறைக்க என்ன இருக்கிறது. "போறேன்ப்பா" என்று தமிழிலேயே சொன்னாள்.

சித்ராவுக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. பட்டுப் புடவையில் குதிக்க முடியாது என்பதால் சசியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

ராணி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்பா அம்மா ரெண்டு பேரும் வாங்கிக்குங்க" என்றாள்.

தனசேகரன் எழுந்தார். கையை நீட்டப் போனவர், நீட்டாமல் திரும்பி, "நீலா, இங்க வா. என் பக்கத்துல நில்லு" என்றார். டோ நீலா தயங்கித் தயங்கி வந்து, கணவருக்கு ஓர் அடி பின்னால் நின்றாள். அவர் அவள் முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, தோளோடு தோளாக நிறுத்தினார். கிழக்கு எந்தப் பக்கம் என்று யோசித்து, இருவருமாகக் கொஞ்சம் திரும்பி நின்றார்கள். எங்கே கை வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் அவள் கையை எடுத்துத் தட்டின் விளிம்பில் வைத்தார்.

"நான் என்ன சொல்லணும்?" என்று அவள் பர்மியில், ரகசியமாகக் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்கூட நின்னு வாங்கிக்கிட்டாப் போதும்" என்றார் அவர். "நம்ம கல்யாணத்துல இதை நமக்கு யாரும் தரலையே."

அவர் பர்மியில்தான் சொன்னார், அதனால் அந்த அறையில் எல்லோருக்கும் புரிந்தது. ராணி தட்டைக் கொடுத்துவிட்டு, குங்குமத்தைத் தொட்டு டோ நீலாவின் நெற்றியில் வைத்தாள். மல்லிகைச் சரத்தை எடுத்து, பின்னால் போய், அவள் கொண்டையில் தானே சுற்றிவிட்டாள். சித்ராவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஆள் சேர்க்க வந்த இடத்தில் அழுதுகொண்டு நிற்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் சசியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

அப்புறம் ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார்கள். டோ ஹ்லா தன் வீட்டிலிருந்து பலகாரம் கொண்டுவந்தாள். திங்கட்கிழமை எங்கே வந்து நிற்க வேண்டும் என்று தின்ஸா சித்ராவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தனசேகரன் இன்வெர்ட்டர் வியாபாரத்தைப் பற்றி ராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சை நிறுத்தி, மனைவியைப் பார்த்து, எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருப்பாய், கை வலிக்கும், தட்டை மேசை மேல் வை என்றார்.

டோ நீலா வைக்கவில்லை.